பூனைக்குப் போகவேண்டிய சங்கரா

ஈரச் சாக்கைத் தூக்கினால் அன்னக்கூடை நிறைய அன்றைய மீன் பளபளவென்று கிடக்கும். நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் முந்தைய நாள் சங்கரா மீன். மீன்காரக்கா அதை வேண்டுமென்றேதான் கொண்டுவருவார். விற்பதற்கு அல்ல, என் அப்பாவைச் சோதிப்பதற்கு. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியை உரசிவிடுவதுபோல் விமானம் ஒன்று தாழ இறங்கும் நேரத்தில், பொழிச்சலூரில் எங்கள் கேட்டுக்கு முன்னால் அந்தக் கூடை இறங்கும். "இன்னா சார், மூக்கு வேலை செய்யுதா? கண்டுபுடி பாக்கலாம்" என்பார் அக்கா. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு மீனின் செவுளையும் விரலால் தூக்கி மோந்து பார்ப்பார். ஐந்தாவதோ ஆறாவதோ மீனில் நின்று, "இது நேத்து மீன்மா. அத்த எடுத்து பூனைக்குப் போடு" என்பார். எங்கள் மதில்மேல் காத்திருக்கும் சாம்பல் பூனைக்கு அது போகும். பந்தயத்தில் தோற்ற அக்கா ஒரு கை நெத்திலியைச் சும்மா அள்ளிப் போடுவார். இது பல வருடங்களாக நடந்த விளையாட்டு. அப்பா ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே கருகுவது கிளட்ச்சா பிரேக் லைனிங்கா என்று மோந்தே சொல்லிவிடுவாராம். டிரைவர்கள் அவரைத் தேடி வந்து கேட்பார்களாம். இதையெல்லாம் அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் நூறு தடவை. அம்மா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவருடைய மூக்குப் பெருமையைக் கேட்க என்னை விட்டால் மீன்காரக்காதான்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா வழக்கம்போல் மோந்து பார்த்தார், பூனைக்குப் போகவேண்டிய சங்கராவை எங்கள் பாத்திரத்தில் போட்டார், "நல்ல மீன்" என்று எழுந்து போய்விட்டார். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்த அக்கா அதை எடுத்துவிட்டு வேறு மீன் வைத்தார். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம் அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை. அப்பா உள்ளே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா, உங்கப்பாவுக்கு மூக்கு செத்துப் போச்சு. வெளயாட்டு இல்ல. பெரிய டாக்டராண்ட இட்டுனு போ."

நான் தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஊரில் உள்ளவர்களின் சர்க்கரையையும் கொழுப்பையும் காலையிலிருந்து மாலைவரை அளந்து சொல்கிறவள். எனக்கே வைத்தியம் சொல்கிறாரே என்று உள்ளுக்குள் ஒரு எரிச்சல். "சளியா இருக்கும்கா. வயசாயிடுச்சு இல்ல?" என்றேன். அக்கா விடவில்லை. "எங்க மாமனாருக்கும் இப்டித்தான் கண்ணு. மொதல்ல மூக்கு போச்சு. கெட்டுப்போன கருவாட்ட நல்லா கீதுன்னு துன்னாரு. ரெண்டு மூணு வருசம் பொறுத்து கை நடுங்க ஆரம்பிச்சுது. குடின்னு நெனச்சு நாங்களே திட்டுனோம். வலையைப் புடிக்க முடியாம பூட்டாரு. அப்பறம்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனோம். இன்னாத்துக்கு இவ்ளோ லேட்டுன்னு கேட்டாங்க." சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. அதற்கு முந்தைய வாரம்தான் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாறியபோது, பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பொறுப்பில்லாதவர் என்று நான் வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தேன். அது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அப்பாவிடம் சொன்னேன். தாம்தூம் என்று குதித்தார். "என் மூக்கைப் பத்தி அவங்க சர்டிபிகேட் குடுக்கணுமா? இனிமே அவங்கள்ட மீன் வாங்காதே!" என்று உத்தரவு போட்டார்.

அடுத்த ஞாயிறு அக்கா வந்தார், கூடையை இறக்கினார். அப்பா வெளியே வரவில்லை. "சார், பயந்துகினியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி ஒரு சத்தம். அவ்வளவுதான், அப்பா விருட்டென்று வந்துவிட்டார். அக்கா இடுப்பிலிருந்து மூன்று பேப்பர் பொட்டலங்களை எடுத்தார். ஒன்றில் கருவாடு, ஒன்றில் காபித்தூள், ஒன்றில் கிள்ளி வைத்த மல்லிப்பூ. "கண்ண மூடிக்கோ சார். பாப்பா, நீ புடி. என் கையால புடிச்சா எல்லாமே மீன் நாத்தம்தான் அடிக்கும்." எந்தக் கல்லூரியில் இதைக் கற்றுக்கொண்டாரோ தெரியாது. நான் வேலை செய்யும் இடத்தில்கூட இவ்வளவு கவனமாக யாரும் மாதிரி எடுத்ததில்லை.

நான் கருவாட்டை அப்பாவின் மூக்குக்கு நேரே பிடித்தேன். எனக்கே குமட்டியது. அப்பா ஆழமாக மூச்சிழுத்தார், நெற்றியைச் சுருக்கினார், பிறகு கம்பீரமாகச் சொன்னார்: "மல்லிப்பூ."

அப்பா கண்ணைத் திறந்து என் கையில் இருந்ததைப் பார்த்தார். அவர் முகம் விழுந்ததை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை, அம்மா போன அன்றுகூட. "ஒரு வருசமாவே சரியா தெரியல பாப்பா. வாரா வாரம் கொறைஞ்சுகினே வந்துது. இந்த ஒரு மாசமா சுத்தமா இல்ல. சொன்னா என்னையும் ஒரு பழைய வண்டின்னு ஓரம் கட்டிடுவியோன்னு..." என்றார். நான் நடுத்தெருவில் நின்று அழுதேன்.

முதலில் பார்த்த மருத்துவர் மூக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று நரம்பு மருத்துவரிடம் அனுப்பினார். அந்த டாக்டரம்மா சின்னச் சின்னக் குப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்க்கச் சொன்னார். கிராம்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய். கருவாட்டுச் சோதனையைக் கொஞ்சம் சுத்தபத்தமாகச் செய்ததுபோல் இருந்தது. பிறகு நடக்கச் சொன்னார். அப்பாவின் இடது கை வீசிப் போக, வலது கை உடம்போடு ஒட்டியே போனது. நானும் தினமும்தான் பார்க்கிறேன், ஒருநாளும் கண்ணில் படவில்லை. எழுதச் சொன்னபோது வரி முடிவதற்குள் எழுத்து எறும்பளவுக்குச் சிறுத்துவிட்டது. பார்க்கின்சன் நோயின் ஆரம்பம் என்றார். வாசனை போனவர்களுக்கெல்லாம் இந்த நோய் என்று அர்த்தம் இல்லை, சளி முதல் முதுமைவரை காரணம் நிறைய உண்டு, ஆனால் சிலருக்குக் கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே மூக்குதான் முதலில் தகவல் சொல்லும் என்று பொறுமையாக விளக்கினார். "முழுசா குணமாக்க முடியாது. ஆனா மருந்து, உடற்பயிற்சி எல்லாம் இப்பவே ஆரம்பிக்கலாம். இவ்வளவு சீக்கிரம் யாரும் கூட்டிட்டு வர்றதில்லை. யார் கவனிச்சாங்க, நீங்களா?" என்று கேட்டார். நானும் லேப்தான் என்று பெருமையடித்துக்கொண்டு உள்ளே போனவள், "இல்ல மேடம், எங்களுக்கு மீன் விக்கிற அக்கா" என்று அதைவிடப் பெரிய பெருமையோடு சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார்.

அதன்பிறகு என் மேசையில் எப்போதும் ஒரு காபித்தூள் பாட்டில் இருக்கிறது. ரத்தம் கொடுக்க வரும் பெரியவர்களிடம் பேச்சோடு பேச்சாக நீட்டுவேன். ஒன்றும் தெரியவில்லை என்பவரை டாக்டரைப் பார்க்கச் சொல்வேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டால், எங்கள் மீன்காரக்கா என்பேன், கொஞ்சம் சத்தமாகவே.

அக்கா இப்போது அன்னக்கூடையைத் தலையில் தூக்குவதில்லை. ஐஸ் பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குகிறார். நோய் தெரிந்தபிறகு பல மாதம் அவர் பழைய மீன் கொண்டுவரவே இல்லை. பாவம் என்று நினைத்திருக்கிறார். அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "ஏம்மா, பழசு எங்க? நோயாளின்னு முடிவு கட்டிட்டியா?" என்று ஒருநாள் பிடித்துக்கொண்டார். மறுவாரமே பெட்டிக்குள் சங்கரா வந்துவிட்டது. வாரா வாரம் அப்பா தோற்றார். சளைக்கவில்லை. மூக்கை விட்டுவிட்டுக் கண்ணையும் கட்டைவிரலையும் பழக்கிக்கொண்டார். வாங்கிய மீனை முற்றத்தில் பரப்பி, கண் உள்வாங்கியிருக்கிறதா, செவுள் வெளுத்திருக்கிறதா, அமுக்கினால் குழி அப்படியே நிற்கிறதா என்று பரீட்சைக்குப் படிப்பவர்போல் பார்ப்பார். அவர் உடற்பயிற்சியைக்கூட இவ்வளவு சிரத்தையாகச் செய்வதில்லை.

போன ஞாயிறு அக்கா பெட்டியைத் திறந்தார். மேலே விமானம் போனது. அப்பா மெதுவாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே வந்தார். ஒரு சங்கராவில் கட்டைவிரல் நின்றது. அதன் வாலைப் பிடித்து உயரத் தூக்கினார். வலது கையோடு சேர்ந்து மீனும் நடுங்கியது.

"சார், கை ஆடுது சார். கீழ வை" என்றார் அக்கா பதறிப்போய்.

"ஆடட்டும்மா. நேத்து மீனா இல்லையா, அத்த சொல்லு!"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் நெத்திலியை அள்ளி எங்கள் பாத்திரத்தில் போட்டார். மதிலிலிருந்து பூனை குதித்தது.