மூலைமட்டக்காரரின் முழங்கால்

முப்பத்தெட்டு வருடம் தரையில் மண்டிபோட்டுக் கிடந்த மனிதரைத் திடீரென்று கட்டிலில் மல்லாத்திப் போட்டால் என்ன ஆகும்? முதல் நாள் கூரையைக் குறை சொன்னார். மின்விசிறி நடுவில் இல்லையாம், ஜன்னல் பக்கம் அரை அடி தள்ளி இருக்கிறதாம். இரண்டாம் நாள் சுவரின் பூச்சைக் குறை சொன்னார். மூன்றாம் நாள் சொல்வதற்கு வேறு ஒன்றும் மிஞ்சாததால் மனைவி தலையணை வைக்கும் விதத்தைச் சொன்னார்.

டைல்ஸ் போடும் கொத்தனார் அவர். வேலைத்தளங்களில் அவரை மூலைமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு சுவர் சேரும் இடம் நேராக இருக்கிறதா என்று பார்க்க மற்ற கொத்தனார்கள் 'ட'னா வடிவத்தில் ஓர் இரும்புக் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். அதன் பெயர் மூலைமட்டம். இவருக்கு அது வேண்டாம். ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் பார்த்தாலே போதும். "நூல் அளவு வெளிய போகுது," என்பார். கருவியை வைத்தால் நூல் அளவு வெளியேதான் போயிருக்கும். இதனால் அவருக்குப் பெயரும் வந்தது, கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

இப்போது வலது முழங்காலைத் திறந்து, தேய்ந்ததைச் செதுக்கி எடுத்து, உலோக மூட்டு வைத்துத் தைத்து, நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கால் முழுக்கக் கட்டு, பாதத்தில் இறுக்கமான வெள்ளைக் காலுறை, பக்கத்தில் ஐஸ் பை, கட்டிலோரம் நான்கு கால் வாக்கர். காலை பத்து மணிக்கு பிசியோதெரபிப் பெண் வந்துவிடுவாள். மெலிந்த உருவம்தான், ஆனால் கையில் அப்படி ஒரு பலம். கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க இரண்டு பிளாஸ்டிக் பட்டை இணைத்த ஒரு கோணமானியை வைத்திருந்தாள்.

"ஐம்பத்தெட்டு," என்றாள் முதல் நாள். "தொண்ணூறு வேணும் ஐயா."

அந்தக் கோணமானியைக் கொடுக்கச் சொல்லி வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆட்டம் குடுக்குதும்மா. ஆணி லூசு. இதை நம்பி நான் ஒரு கல்லு வைக்க மாட்டேன்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "முதல் ரெண்டு வாரம் போனா போச்சு ஐயா. மடக்காம விட்டா உள்ள இறுகிப் போயிடும். அப்புறம் மறுபடி மயக்கம் குடுத்து டாக்டர்தான் மடக்கணும். ஒரு நாளைக்கு மூணு வேளை, வேளைக்கு முப்பது தடவை. முட்டிக்கு அடியில தலையணை வைக்கவே கூடாது."

அவள் தெரு திரும்புவதற்குள் அவர் முட்டிக்கு அடியில் தலையணையை வைத்துக்கொண்டார். அப்பாடா என்று இருந்தது. மூன்று வேளை முப்பது என்பது ஒரு வேளை ஏழாக இளைத்தது. மறுநாள் அவள் கேட்டபோது, "முப்பதுக்கு முப்பத்தஞ்சாவே பண்ணினேன்," என்று கூசாமல் சொன்னார். மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. தலையணையை மட்டும் பேசாமல் எடுத்து அலமாரியில் வைத்தாள்.

வலிக்குப் பயந்தவர் இல்லை அவர். கல் அறுக்கும் இயந்திரம் கட்டைவிரலைக் கிழித்த அன்று துணியைச் சுற்றிக்கொண்டு மிச்ச வரிசையையும் முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். விஷயம் வேறு. கிளம்பும்போது டாக்டர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: நடக்கலாம், படி ஏறலாம், மண்டி மட்டும் இனிமேல் போடக் கூடாது. அந்த வார்த்தை அவருக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. மண்டி போடாத டைல்ஸ் கொத்தனாருக்கு மடங்குகிற கால் எதற்கு? யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இருந்துவிட்டார்.

ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது எழுந்தாக வேண்டும். கட்டிலிலிருந்து கழிவறைக்கு, திரும்பக் கட்டிலுக்கு. அதில் ஒரு சுகம் இருப்பதை இரண்டாம் நாள்தான் கண்டுபிடித்தார். அந்த வீட்டின் தரை முழுக்க மிச்சக் கல்லால் ஆனது. முப்பது வருடங்களுக்கு முன் வெறும் சிமெண்டுத் தரையோடு இந்த வீட்டுக்கு வந்தார்கள். எந்த வேலை முடிந்தாலும் உடைந்ததும் மிஞ்சியதுமாக நாலு கல்லைக் கேட்டு வாங்கி சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை ஒரு வரிசை. கட்டிலோரத்தில் இருக்கும் சாம்பல் நிறம் ஒரு வங்கியினுடையது. அடுத்தது பல் டாக்டர் வீட்டு வெள்ளை. கதவுக்குப் பக்கத்தில் பச்சைக் கோடு போட்டது ஒரு பள்ளிக்கூட ஹாலினுடையது; மழை விடாமல் பெய்து, கலவை காய மறுத்து, பன்னிரண்டு நாள் இழுத்த வேலை. வாக்கரை நகர்த்தி, நகர்த்தி, ஒவ்வொன்றின் மேலும் நின்று மூச்சு வாங்கினார். தன் வயதின் மேலேயே நடந்து போவது மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் அவருக்கு இப்போதும் வாய் கோணிச் சிரிப்பு வரும். புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி கடற்கரைக்கும் சினிமாவுக்கும் போகும். இவர்கள் சிமெண்டு பிசைந்தார்கள். அவள் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து கலவையைக் கரண்டியால் புரட்டிக் கொடுப்பாள். அடுத்து எந்தக் கல் என்று அவர் கேட்பதற்கு முன்பே அது அவள் கையில் இருக்கும். வரிசை முடிந்ததும் ரப்பர் சுத்தியலைத் திருப்பி அதன் பிடியால் ஒவ்வொரு கல்லையும் தட்டிக் காட்டுவார். அடியில் கலவை நிறைந்திருந்தால் கல் கெட்டியாகச் சத்தம் தரும்; உள்ளே காற்று நின்றால் டொக் என்று சொல்லிவிடும். "கல்லு பொய் சொல்லாது," என்பார். "மனுஷங்க?" என்று கேட்பாள் அவள். "மனுஷங்களைத் தட்டிப் பாக்க முடியாதே," என்பார். அவளுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. சிமெண்டு ஒட்டிய புறங்கையால் முடியை ஒதுக்கி நெற்றியெல்லாம் சாம்பல் ஆக்கிக்கொள்வாள். அதைத் துடைத்துவிடவும் அவருக்குத்தான் உரிமை இருந்தது. அந்த நாட்களில் ஒன்றைத் திருப்பித் தந்தாலும் போதும், புது மூட்டைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அது நடந்தது. கழிவறைக்கும் சமையலறைக்கும் போகிற நடையில் வாக்கரை ஊன்றினார். ரப்பர் மாட்டிய கால்தான். இருந்தும் டொக் என்றது. நின்றார். இன்னொரு தடவை ஊன்றினார். டொக்.

தன் வீட்டில், தன் தரையில், ஒரு பொக்குக் கல்.

கட்டிலுக்குத் திரும்பி வருவதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த நடையின் பதினெட்டுக் கல்லும் அவர் போட்டவை அல்ல. மகள் தவழத் தொடங்கிய வருடம், வெளியூரில் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றுக்கு மூன்று மாதம் போயிருந்தார். திரும்பி வந்தபோது நடை முடிந்திருந்தது. "உங்க கூட்டாளிதான் வந்து போட்டுக் குடுத்துட்டுப் போனாரு," என்றாள் மனைவி. கூட்டாளி என்பது சுண்ணாம்பு. எப்போதும் தலை முதல் கால் வரை வெள்ளையாக இருப்பான், அதனால் அந்தப் பெயர். அந்த மாதமே கண்காணாத ஊருக்குப் பிழைக்கப் போய்விட்டான். கோடுகள் நேராக இருந்தன. காசு வாங்காமல் நண்பன் செய்துவிட்டுப் போனதைத் தட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று இவரும் விட்டுவிட்டார்.

இப்போது படுத்துக்கொண்டே ஆரம்பித்தார். சுண்ணாம்பு அன்றைக்கே அப்படித்தானாம். நாலு மூலையில் நாலு உருண்டை வைத்து நடுவை வெறுமையாக விடுவானாம். அவனுக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தானாம், அவனும் அப்படித்தானாம். சுண்ணாம்பின் நடத்தையில் தொடங்கி அவன் பல் தேய்க்காததில் போய் முடிந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட இப்போது அவரிடம் சரக்கும் இருந்தது, நேரமும் இருந்தது.

அரை மணி நேரம் பொறுத்தாள் மனைவி. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"பாவம், அவரைத் திட்டாதீங்க. அது நான் போட்டது."

"எது?"

"அந்தப் பதினெட்டுக் கல்லும்தான்."

கழுத்தைத் தூக்கி நடையைப் பார்த்தார்.

"புள்ள தவழ்ந்து தவழ்ந்து முட்டியெல்லாம் சிராய்ச்சுக்கிட்டா. வெறும் சிமெண்டுத் தரை. நீங்க வர இன்னும் ரெண்டு மாசம் இருந்துச்சு. கல்லும் இருந்துச்சு, சிமெண்டும் பாதி மூட்டை கிடந்துச்சு. அவளைத் தூங்க வெச்சுட்டு தினம் மூணு மூணா வெச்சேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே சுத்தியலோட உக்காந்து எல்லாத்தையும் பேத்திருப்பீங்க."

மறுக்க முடியாத உண்மை. பேத்துத்தான் இருப்பார். பிறகு குரலில் ஒரு மேஸ்திரியை வரவழைத்துக்கொண்டு, "அந்தக் குடையை எடு. ஒவ்வொரு கல்லாத் தட்டு. எத்தனை நிக்குதுன்னு பாப்போம்," என்றார்.

"இப்பவா?"

"வேற என்ன வேலை எனக்கு?"

குடை நுனியால் தட்டிக்கொண்டே அவள் நடையில் போனாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கெட்டி. கெட்டி. டொக். கெட்டி. இத்தனை வருடம் மகளும் பிறகு பேரனும் ஓடியாடிய தரை. மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். பதினெட்டில் நாலுதான் பொக்கு. அவரோடு வேலை பார்த்த எத்தனையோ பேர் இதைவிட மோசமாகப் போட்டுக் கூலி வாங்கியிருக்கிறார்கள். சொல்லலாம் என்று வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டார்.

தட்டுகிற சத்தத்துக்கு நடுவே வேறு ஒரு சத்தம் இருந்தது. ஒரு கால் முழுதாக விழுந்தது. மற்றது பாதி விழுந்து, இழுபட்டு, அவசரமாக எழுந்தது.

"நில்லு. குடையை வெச்சுடு. சும்மா நட."

"எதுக்கு?"

"நட, சொல்றேன்."

அவள் நடக்கவில்லை. அந்த இடத்திலேயே நின்றாள். இந்த வீட்டில் பகல் வேளையில் அவள் நடப்பதை அவர் காது கொடுத்துக் கேட்டதே இல்லை. அவர் வேலைக்குக் கிளம்பும்போது அவள் நின்றிருப்பாள், வரும்போதும் நின்றிருப்பாள். நடுவில் இருந்த பகலெல்லாம் அவர் ஊரார் வீட்டுத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"எந்தக் கால்?" என்றார்.

"இடது."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"டாக்டர்கிட்ட…"

"உங்களைக் காட்டப் போனோமே, நீங்க எக்ஸ்ரே எடுக்க உள்ள போனப்போ கேட்டேன். பாத்தாரு. எனக்கும் தேய்ஞ்சுதான் போயிருக்காம். ரெண்டு பேர்ல யாரை முதல்ல பண்ணலாம்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"அவருக்குத்தான் வாய் ஜாஸ்தி, அவரையே முதல்ல பண்ணிடுங்கன்னேன்." சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும், "ரெண்டு பேரும் ஒண்ணாப் படுத்துக்கிட்டா யாரு யாருக்குத் தண்ணி குடுக்கறது? நீங்க எந்திரிச்சு நடங்க. அப்புறம் பாத்துக்கலாம்," என்றாள்.

"ஆஸ்பத்திரியில நாலு நாளும் என் பக்கத்துல அந்த இரும்பு ஸ்டூல்ல உக்காந்திருந்தியே. அப்பவும் வலிச்சுதா?"

"அப்ப மட்டும் வலிக்காம இருக்குமா?"

அடுப்பில் ஏதோ கொதிக்கிறது என்று அவள் போய்விட்டாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தைந்து தடவை மடக்கினேன் என்று சொன்ன பொய்களெல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு பொய்யும் அவளுடைய ஆபரேஷனை ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தது. அந்த ஒவ்வொரு நாளும் அவள் அந்த இடது காலை இழுத்துக்கொண்டு இவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள், காலுறை மாட்டினாள், இவர் முட்டிக்கு அடியில் திருட்டுத்தனமாக வைத்த தலையணையைக் குனிந்து எடுத்தாள். உலகத்துக் குறையெல்லாம் கண்ணில் பட்டது, பக்கத்தில் இருந்தது படவில்லை. பெரிய மூலைமட்டம்!

அன்று சாயங்காலம் யாரும் சொல்லாமல் முப்பது மடக்கினார். பத்தாவதிலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நாலுதான் பொக்கு, மிச்சம் பதினாலும் கெட்டியா நிக்குது," என்று சமையலறைப் பக்கம் பார்த்துச் சொன்னார். பாத்திரம் தேய்க்கிற சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

மறுநாள் பத்து மணிக்கு பிசியோதெரபிப் பெண் வந்தாள். கட்டிலோரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, கோணமானியைப் பிடித்தாள்.

"அறுபத்தாறு. பரவாயில்லயே. இன்னைக்கு இது போதும், வலிக்கும்."

"ஒண்ணு கேக்கணும்மா," என்றார் அவர் தாழ்ந்த குரலில். "ஆஸ்பத்திரியில நோயாளிக்குத் துணையா இருக்கறவங்க உக்கார ஒரு இரும்பு ஸ்டூல் போடுவாங்கல்ல? அதுல ஒருத்தன் நாலு நாள் உக்காந்திருக்கணும்னா, கால் எவ்வளவு மடங்கணும்?"

"தொண்ணூறாவது வேணும் ஐயா. ஏன்? யாரு உக்காரப் போறா?"

சமையலறையிலிருந்து தேநீரோடு மனைவி வந்துகொண்டிருந்தாள். ஒரு கால் முழுதாக, ஒரு கால் பாதியாக. அவர் மெத்தையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அமுக்கும்மா," என்றார். "நான் கத்தினாலும் நிறுத்தாதே."