ஜமீலாக்கா கேட்ட ஒரு மடக்கு

போன் வந்தபோது திருமங்கலத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் சின்ன யூனிட்டில், காய்ச்சி ஆற்றிய பாலில் உறை சேர்த்துக்கொண்டிருந்தேன். "ஆன்ட்டி, அம்மா மவுத்தாயிட்டாங்க" என்றாள் நஸ்ரின், ஜமீலாக்காவின் மகள். சரிம்மா, வாரேன் என்றேன். பாத்திரத்தை மூடி, வெப்பப் பெட்டியில் வைத்து, கை கழுவிவிட்டு, அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தேன். வேலையைப் பாதியில் போட்டால் அக்கா திட்டுவார். இனி திட்ட ஆள் இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

அவரை உங்களில் பலருக்குத் தெரியும். மதுரையில் கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்தியபோது அவரிடம் படித்தவர்கள் இருக்கிறீர்கள். அவரும், அங்கேயே பாடம் நடத்திய நானும் அந்த வேலையை விட்டுவிட்டு, குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்களைப் பாலில் வளர்த்து பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியபின், வாங்கிக் குடித்தவர்கள் இருக்கிறீர்கள். வாங்க வந்து அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர்களும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் நாங்கள் இருவருமாகச் சேர்ந்து ஒரு முட்டாள்தனம் செய்தோம். வகுப்பில் நடத்திய பாடமெல்லாம் எங்கே போனதோ! மூன்று வகை பாக்டீரியா, ஒரு வகை ஈஸ்ட், எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு வளர்த்தோம். வேலை மிச்சம் என்று நினைப்பு. புளிப்பு அருமையாக வந்தது. நான் குடித்துப் பார்த்துவிட்டுக் குதித்தேன். அக்கா ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வகைதான். வேகமாக வளர்ந்தது புளிப்பை ஏற்றி மற்றவற்றை ஒடுக்கிவிட்டது. "கூட்டுக் கலவைன்னு எழுதிட்டு ஒத்தை ஆளை விக்கப் போனோம் பாத்தியா செல்வி" என்றார். அன்று முதல் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வளர்த்து, குளிர வைத்து, கடைசியில்தான் சேர்ப்போம். எல்லாவற்றையும் ஒடுக்கிய அந்த வகைக்கு என் வீட்டுக்காரர் பெயரை வைத்தார் அக்கா. கல்யாணப் பந்தியில் அவர் சாப்பிட்டதைப் பார்த்த நாளிலிருந்து அந்தக் கேலி உண்டு. என் வீட்டுக்காரரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கடை வைத்திருந்த ஒருவர், சர்க்கரை குறையும், மூட்டுவலி போகும் என்று பாட்டிலில் அச்சடித்துக் கொடுத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். எனக்கு ஆசைதான், மறைப்பானேன். அக்கா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, சில பேருக்கு வயிறு நல்லாருக்கும். சில பேருக்கு ஒண்ணும் தெரியாது. அம்புட்டுதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனவர்தான், திரும்ப வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அக்காவுக்குத் தயவுதாட்சண்யமே கிடையாது. கீமோ எடுப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி அடிபட்டவர்கள் யாருக்கும் எங்கள் பாட்டிலைக் கொடுக்கக் கூடாது. அழகர்கோவில் பக்கமிருந்து ஒருவர் தன் அம்மாவுக்கென்று கேட்டு வந்தார். நல்ல கிருமிதானே என்று சண்டை பிடித்தார். அக்கா அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். "உள்ள காவலுக்கு ஆள் இருக்கிற வரைக்கும்தான் அது நல்ல கிருமி. காவல் இல்லாத ஒடம்புல ரத்தத்துக்குள்ள போயிருச்சுன்னா நானும் நீங்களும் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார். அந்த மனுசன் வாசலில் நின்று எங்களைக் கண்டபடி பேசிவிட்டுப் போனார். அக்காவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு அக்காவுக்கே ரத்தப் புற்றுநோய் வந்தது.

கீமோ அவர் வயிற்றைக் கிழித்துப் போட்டது. வாயெல்லாம் புண். தண்ணீர்கூடத் தங்கவில்லை. வெள்ளையணுக்களின் கவுண்ட் ஏறினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம், நம்பிக்கை இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாள் நஸ்ரின் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம பாட்டில் ஒண்ணு கொண்டாடி. ஒரு மடக்கு போதும்."

சும்மா கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் கண்ணைப் பார்த்தால் சும்மா இல்லை. ஓடிப்போய் டாக்டரிடம் கேட்டேன். வீட்டுத் தயிரே கூடாது என்று நிறுத்தியிருக்கிறோம், இதை எப்படிக் கேட்கிறீர்கள் என்றார். எனக்குத் தெரியாததா? தெரிந்தும் போய்க் கேட்டேன். திரும்பி வந்து, வேண்டாம்க்கா, கவுண்ட் ஏறட்டும் என்றேன்.

"சட்டம் போட்டவ நான்தானே. நானே எடுத்துட்டேன். போய்க் கொண்டா."

"மாட்டேன்க்கா."

அவ்வளவு காலப் பழக்கத்தில் அவரிடம் மாட்டேன் என்று நான் சொன்னதே இல்லை. "ஊரெல்லாம் குடிக்கிறாக. என் வயித்துக்குத்தான் இல்ல" என்றார். அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்தடுத்துப் போனபோதெல்லாம் நான் நுழைந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். தூக்கமில்லை என்பது எனக்குத் தெரியும். நான் கால்மாட்டில் உட்கார்ந்து, இன்றைக்குப் பால் நன்றாக இருந்தது, ஈஸ்ட் கொஞ்சம் மந்தம் என்று யூனிட் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பேன். கவுண்ட் ஏறவே இல்லை. நுரையீரலில் சளி கட்டி, போய்விட்டார்.

ஜனாஸாவை ஆண்கள் எடுத்துப் போனபின் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். நஸ்ரின் என் மடியில் படுத்திருந்தாள். நடந்ததை அறிந்த ஒரு உறவுக்கார அம்மா, "அவ மனசுல ஒண்ணும் இருக்காதும்மா, ஒன்னைய மன்னிச்சிருப்பா" என்றார். நல்ல மனதோடு சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்று வந்தது. மன்னிக்க நான் என்ன தப்புச் செய்தேன்? ஒரு மடக்குக்கு ஏங்கியவர் கோபப்பட்டதில்தான் என்ன தப்பு? எங்கள் இருவர் மேலும் தப்பில்லை. அதனால்தான் இதற்கு மருந்தும் இல்லை.

அவருடைய படிப்பை மாணவர்கள் வைத்திருக்கிறார்கள். சாமான்களை நஸ்ரின் வைத்திருக்கிறாள். எனக்கென்று அவர் விட்டுப் போனது அந்தக் கோபம். அதை நான் வைத்துக்கொள்கிறேன். யாரும் சமாதானம் சொல்லி அதை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டாம். எத்தனை தடவை கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன், அக்கா. ஒரு தடவை கண்ணைத் திறந்து என்னைத் திட்டியிருக்கலாம்.