‘எல்லாம் ஒண்டுதானே’ என்று சொன்ன வாய்

என் மகள் டெங்குக் காய்ச்சலோடு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது நான் ஒரு பொய் சொன்னேன். யாராலும் அதைப் பொய் என்று பிடிக்க முடியாது. அதுதான் அதன் கெட்டித்தனம்.

அவளுக்குப் பதினெட்டு வயது. பெண்கள் வாட்டில் நுளம்புவலைக்குள் கிடந்தாள். நேர்ஸ் மிஸ்ஸி வந்து வந்து இரத்தம் எடுத்தார். ஒவ்வொரு முறையும் பிளேட்லெட் இறங்கியிருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் நான் ஆறுதலாக மூச்சு விட்டேன். டொக்டரோ, “இனித்தான் கவனமாப் பாக்கவேணும்” என்றார். அடுத்த கட்டிலில் தென்மராட்சிப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று, அதே காய்ச்சலோடு. அதன் தாயும் நானும் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் மாறி மாறி இருந்தோம். வந்த பத்து நிமிஷத்திலேயே நான் படிப்பிக்கிறேன் என்பதை அவள் கேட்டு அறிந்துவிட்டாள்.

முதல் நாளே அவள் கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தாள். தன் மகளுக்குப் பூசினாள். எங்கள் வலையைத் தூக்கி என் மகளுக்கும் பூசினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நான் நெற்றியைக் காட்டினேன்.

“ரீச்சர் ஆக்கள் எந்தக் கோயில்?”

கொழும்புத்துறையில் எனக்கு ஞானஸ்நானம் தந்த பங்குக் கோயில்தான் இன்றைக்கும் என் கோயில். அதைச் சொல்லவில்லை.

“எல்லாம் ஒண்டுதானே அக்கா.”

“அதுவும் சரிதான். நுளம்பு கோயில் பாத்தே கடிக்குது?” என்று அவள் சிரித்தாள்.

திருநீறு பூசியதில் எனக்கு வருத்தமில்லை. அன்போடு வந்த கை அது. என்னைக் குத்தியது என் பதில்.

அந்தப் பதில் பல வருஷப் பழக்கம். சாவகச்சேரிக்கு அப்பால் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் எல்லோரும் சைவம். முன்பு எங்களோடு இருந்த, புதிய சபை ஒன்றைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, அழுதுகொண்டிருந்த மாணவிக்கு ஒரு சின்னப் புதிய ஏற்பாட்டைக் கொடுத்தார். ‘மதம் மாத்துறா’ என்று யாரோ நாலு வரியில் கல்விக் கந்தோருக்குப் பெட்டிசம் போட்டார்கள். அவருக்கு இடமாற்றம் வந்தது. “உவைக்கு உதுதானே வேலை” என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சொன்னார். என்னைக் கண்டதும், “ஐயோ ரீச்சர், உங்களைச் சொல்லேல்லை. நீங்கள் பழைய கத்தோலிக்க வேதக்காரர், ஒருத்தரையும் இழுக்கிறேல்லை” என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து என் சங்கிலியின் சிலுவை சட்டைக்குள் போய்விட்டது.

மூன்றாம் நாள் மதியம் பார்வை நேரத்தில் கணவர் வந்தார்.

“பின்னேரம் பாதரைக் கூட்டிக்கொண்டு வாறன். எண்ணெய் பூசட்டும்.”

“வேண்டாம்” என்றேன்.

எங்கள் கரையோரப் பங்குகளில் அதற்குப் பழைய பெயர் அவஸ்தைப் பூசுதல். பாதர் எண்ணெய்ச் சிமிழோடு ஒரு வீட்டுக்குள் போனால், பக்கத்து வீட்டுக்காரர் செத்தவீட்டுப் பந்தலுக்கு ஆள் தேடுவார்கள். அது எந்த நோயாளிக்கும் உரியது என்று இப்போது பூசையில் சொல்லித்தருகிறார்கள். தலையாட்டிவிட்டு வருவோம். கூப்பிடமாட்டோம். என் தகப்பனுக்கு நினைவு தப்பிய பிறகுதான் கூப்பிட்டோம்.

வலைக்குள்ளிருந்து மகள் கேட்டாள். “அம்மா, உங்களுக்கு எண்ணெய்க்குப் பயமோ, பக்கத்துக் கட்டில் அன்ரிக்குப் பயமோ?”

“ரெண்டுக்கும்.”

“எனக்கும் பயமாத்தான் கிடக்கு. வரச் சொல்லுங்கோ.”

பின்னேரம் வெள்ளை அங்கியோடு பாதர் வந்தார். வாட் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மகளின் நெற்றியில் காலையில் பூசிய திருநீறு இருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. அதன் மேலேயே பெருவிரலால் எண்ணெயில் சிலுவை வரைந்தார். உள்ளங்கைகளிலும் பூசினார். ஐந்து நிமிஷத்தில் போய்விட்டார். அவரை வழியனுப்பக் கணவரும் கூடப் போனார்.

அடுத்த கட்டில் தாயின் முகம் வெளிறியிருந்தது.

“ரீச்சர், நீங்கள் வேதமே?”

“ஓம் அக்கா.”

“எங்கடை அம்மா வீட்டுக்குப் பக்கத்திலையும் வேதக்கார ஆக்கள் இருந்தவை. உந்த எண்ணெய் எப்ப பூசுறதெண்டு எனக்குத் தெரியும்.” என் கையைப் பிடித்தாள். “டொக்டர் உங்களிட்டை மட்டும் ஏதும் சொன்னவரோ? ரெண்டு பேருக்கும் ஒரே காய்ச்சலெல்லோ. மறைக்காதேங்கோ.”

என் பயம் அவளுக்குத் தொற்றிவிட்டது. ‘சும்மா ஒரு வழக்கம்’ என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவளுடைய கணவரின் தம்பி, பிள்ளையைப் பார்க்க வந்தவர், கட்டிலின் கால்மாட்டில் கைகட்டி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டொக்டர் ஒண்டும் சொல்லேல்லை அக்கா. இது சாகிறவைக்கு மட்டுமில்லை. நானும் அப்பிடித்தான் நினைச்சுப் பயந்தனான். பிள்ளை தப்புவாளோ எண்டு எனக்கும் தெரியாது. ஆனா யேசு எங்களைத் தனிய விடமாட்டார் எண்டு நம்புறன். இந்தக் கதிரைக்குப் பக்கத்திலை நிக்கிறார் எண்டு நம்புறன். நீங்கள் முதல் நாள் கேக்கேக்கை அதைச் சொல்லாமல் விட்டது என்ரை பிழை.”

அவள் தன் மகளின் வலையை ஒரு கரையால் தூக்கினாள்.

“அப்ப என்ரை பிள்ளைக்கும் ஒருக்கா அவரிட்டைச் சொல்லிவிடுங்கோ.”

நான் அந்தத் தம்பியைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. எனக்கு அந்த நாலு வரிப் பெட்டிசம் கண்முன் வந்தது. வலைக்குள் கையை விட்டுப் பிள்ளையின் பாதத்தைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. வாய்விட்டுச் செபித்தேன். வீட்டுக்கு வெளியே யார் முன்னாலும் அதுவரை நான் அப்படிச் செபித்ததில்லை. என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. பிள்ளையின் பெயரைச் சொன்னேன், பயமாயிருக்கிறது என்று சொன்னேன்.

முடிந்ததும் அந்தத் தம்பி கேட்டார். “ரீச்சர் எந்தப் பள்ளிக்கூடம்?”

சொன்னேன். தலையாட்டினார்.

அடுத்த நாள் காலை அந்தப் பிள்ளையை அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். தாயும் பின்னால் ஓடினாள். சுருட்டிக் கட்டிய வலையோடு கட்டில் வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்க்க முடியாமல் நான் மறுபக்கம் திரும்பி இருந்தேன். என் மகளுக்குப் பிளேட்லெட் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பள்ளிக்கூடம் திரும்பிய பிறகு, பியோன் காகிதத்தோடு வரும்போதெல்லாம் என் பெயருக்கு இடமாற்றக் கடிதமோ என்று பார்த்தேன். மூன்றாவது கிழமை அவர் வெறுங்கையோடு வந்தார்.

“ரீச்சர், கேற்றடியிலை ஒராள் உங்களைக் கேட்டு நிக்கிறார்.”

அந்தத் தம்பிதான். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

“பிள்ளை வீட்டை வந்திட்டாள். அண்ணி உங்களிட்டைச் சொல்லச் சொன்னவ.”

நான் கேற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் போகவில்லை.

“நீங்கள் அண்டைக்குச் செய்தது எனக்குப் பிடிக்கேல்லை ரீச்சர். அதையும் நேரை சொல்லிப்போட்டுப் போவமெண்டுதான் வந்தனான்.”

எல்லாம் ஒண்டுதானே என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

“அவ கேட்டவ, செபிச்சனான். நான் நம்புறதைத்தான் சொன்னனான். இனியும் கேட்டால் சொல்லுவன்.”

“இஞ்சை படிக்கிற பிள்ளையளுக்கும் சொல்லுவியளோ?”

“நானாப் போய்ச் சொல்லமாட்டன். ஆரும் கேட்டால் மறைக்கமாட்டன்.”

“ம்” என்றார். பெட்டிசம் எழுதுவேன் என்றோ எழுதமாட்டேன் என்றோ சொல்லாமல் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

வகுப்புக்குத் திரும்பிக் கரும்பலகையில் எழுதப் போனபோது வெண்கட்டி கையில் இரண்டு தரம் உடைந்தது. இன்றைக்கும் காலையில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் பியோனின் கையைத்தான் முதலில் பார்க்கிறேன். அன்றைக்கு அந்த ஆசிரியையைப் பற்றி எழுதியவர் நாலு வரியை யோசித்து எழுதியிருப்பார். இவருக்கு அந்தச் சிரமமும் இல்லை. எழுத வேண்டியதையெல்லாம் நானே என் வாயால் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.