மண் ரோட்டுக்குச் சொன்னது

என் வீட்டுக்காரரின் அண்ணனை, அதாவது என் மூத்தாரை, இந்தத் தெருவில் பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. முறைப்பு என்றால் தெரியும். ரிப்பேருக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவனை முதலில் முறைப்பார், அப்புறம் வண்டியை முறைப்பார். வண்டியை முறைக்கும்போது கண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும். மனுஷனுக்கு அதுவும் கிடையாது.

ஒரு தடவை ஒருத்தர் வந்து, "ஏதோ சத்தம் வருதுண்ணே, என்னன்னு பாருங்க" என்று பவ்யமாகத்தான் சொன்னார்.

"வண்டியில வருதா, வீட்டுல வருதா? வீட்டுல வந்தா நான் பாக்க மாட்டேன்."

வந்தவர் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் நின்றார். அப்படி நின்றவர்கள் நிறையப் பேர். ஆனாலும் திரும்பத் திரும்ப வருவார்கள். தேவையில்லாத ஒரு நட்டைக்கூட அந்த மனுஷன் மாற்ற மாட்டார். நன்றாக இருக்கிற பாகத்தைக் கழற்றிப் புதுசு போடுகிற பட்டறைகள் ஊரில் நிறைய இருப்பதால், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று இவரிடம் வருகிறார்கள். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு இருக்கிற ஒரே நல்ல வார்த்தை இதுதான், அதையும் இங்கேயே சொல்லி முடித்துவிட்டேன்.

பட்டறைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். பட்டறைக்குப் பின்னால் ஒரு அறையில் தனியாகத்தான் இருக்கிறார். அவர் மனைவி, என் ஓரகத்தி, தன் மகள் வீட்டோடு போய்விட்டார். ஏன் அக்கா என்று கேட்டால், "அங்க காத்து நல்லா வருதுடி" என்பார். இங்கே காற்றுக்கு ஒரு குறையும் இல்லை. இவர் வாயிலிருந்துதான் புயலே வருகிறது.

என் வீட்டுக்காரருக்கும் இவருக்கும் பேச்சு நின்று பல வருஷமாகிறது. காரணம் ஒரு ஜாக்கி. தம்பிக்காரர் இரவல் வாங்கினார், திருப்பிக் கொடுக்கும்போது அதில் எண்ணெய் ஒழுகியது. "ஜாக்கியக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவனுக்கு ஜீப்பு ஒரு கேடா?" என்று வாடிக்கைக்காரர்கள் முன்னால் இவர் கேட்டார். "ஜாக்கி உன்னப் பாத்துக் கத்துக்கிச்சு, சும்மாவே ஒழுகுது" என்று அவர் சொன்னார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒருவரையொருவர் திட்டுவதென்றால்கூட என் வழியாகத்தான் திட்ட வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு." இந்தப் பக்கம் இருந்து, "உன் மூத்தார்கிட்ட சொல்லு." நான் அடுப்பைப் பார்ப்பதா, இவர்களுக்குத் தபால் கொண்டுபோவதா?

அதே வருஷம்தான் எங்கள் தெருவிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் இருந்த மண் ரோட்டுக்குத் தார் போட்டார்கள். அதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். வாரம் ஒருமுறை நர்ஸம்மாவையும் தடுப்பூசிப் பெட்டியையும் மேலே இருக்கும் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோக வேண்டும். அடிவாரத்துக்கு மேலே சரளையும் சேறும்தான், நாலு சக்கரமும் இழுத்தால்தான் வண்டி ஏறும். கொஞ்ச காலமாகவே ஏற்றத்தில் அடியிலிருந்து கடகடவென்று ஒரு சத்தம். இவர் அண்ணனிடம் கேட்கக் கூடாது என்பதற்காகவே ஊரின் மறுகோடியில் இருக்கும் பட்டறைக்குப் போய், முன்சக்கர ஜாயிண்ட்டைப் புதுசாகப் போட்டுக்கொண்டு வந்தார். புது ஜாயிண்ட்டும் பழைய சத்தமுமாக வண்டி ஓடியது.

போன வாரம் மழையில், மேல் வளைவில், டமால் என்று ஒரு அடி. முன்சக்கரம் இழுப்பை விட்டுவிட்டது. பின்சக்கரம் சேற்றில் சுற்ற, வண்டி பின்னோக்கி வழுக்கியது. பிரேக் பிடித்து நின்ற இடத்துக்குப் பின்னால் பள்ளம். நர்ஸம்மா பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாராம். இதை என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது, குழம்பில் உப்பு குறைவு என்கிற குரலில் சொன்னார்.

"மறுபடி எப்பப் போகணும்?"

"மூணு நாள் கழிச்சு."

"இதே வண்டியிலயா?"

"வேற என்ன, பல்லாக்கா வச்சிருக்கேன்?"

நான் கையைக் கழுவிவிட்டுச் சுவரோரம் போனேன். மூத்தார் ஏதோ ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் தெரிந்தது.

"மாமா, ஜீப்பக் கொஞ்சம் பாக்கணும்."

"அந்தப் பட்டறையில பாத்தாச்சே. புது ஜாயிண்ட் போட்டுப் பொட்டு வச்சுப் பூவும் வச்சாச்சே."

"நான் தாலியோட இருக்கறதா வேணாமான்னு மட்டும் சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"ஓட்டிக் காட்டச் சொல்லு. அவன் பக்கத்துல நான் உக்கார மாட்டேன்."

உட்காரவில்லைதான். பின்னால் ஏறித் தரையில் குப்புறப் படுத்து, காதைத் தகரத்தில் வைத்துக்கொண்டார். முன்னால் என் வீட்டுக்காரர், பக்கத்தில் நான். கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அண்ணனும் தம்பியும் இருக்க, நடுவில் தபால்காரியாக நான். அடிவாரத்துச் சரளை மேட்டுக்குப் போனோம்.

"ரெண்டு சக்கரத்துல போகச் சொல்லு."

"ரெண்டு சக்கரத்துல போகணுமாம்."

சத்தம் இல்லை.

"இப்ப ஃபோர் வீல் போட்டு, நேரா மேட்டுல ஏத்தச் சொல்லு. கஞ்சத்தனம் பண்ணாம மிதிக்கணும்."

சொன்னேன். மிதித்தார். கடகடகட, டக். வண்டி ஒரு குதி குதித்தது. காலை எடுத்ததும் அடங்கியது.

"ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு மெதுவா திருப்பச் சொல்லு."

திருப்பினார். சத்தம் கூடவும் இல்லை, மாறவும் இல்லை.

"ஜாயிண்ட்டா இருந்தா திருப்பும்போதுதான் கத்தும். இது நேரா இழுக்கும்போது கத்துது. அந்தப் பட்டறைக்காரனுக்குக் காது எதுக்கு, பீடி சொருகவான்னு கேட்கச் சொல்லு."

"அதயும் சொல்லணுமா மாமா?"

"சொல்லு."

என் வீட்டுக்காரர் முன்னாலிருந்தே, "கேட்டுச்சு" என்றார். என்னிடம்தான் சொன்னார்.

பட்டறைக்குத் திரும்பி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தார்கள். கியர் பெட்டிக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கிறது, டிரான்ஸ்பர் கேஸ் என்பார்கள். இஞ்சினின் இழுப்பை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். இந்த ஜீப்பில் அதற்குள்ளே சைக்கிள் செயின் மாதிரி, ஆனால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செயின். மூத்தார் முதலில் அதன் எண்ணெயைத் தட்டில் இறக்கினார். பாத்திரம் தேய்த்த சாம்பல் தண்ணீர் மாதிரி வந்தது, நடுநடுவே இரும்புத் துகள் மினுங்கியது. அப்புறம் முன்சக்கரத்துக்கு இழுப்பைக் கொண்டுபோகிற ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு, ஃபோர் வீலில் லிவரைப் போட்டு, வண்டியை கியரில் நிறுத்தி, அது சேர்ந்திருந்த பெட்டியின் முன்முனையைக் கையால் திருகினார். அது அசையவே கூடாதாம். இது பழைய வீட்டுத் தாழ்ப்பாள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லொட லொட என்று ஆடியது. உள்ளே செயின் பெட்டியின் சுவரில் அறைகிற சத்தம் எனக்கே கேட்டது.

"செயின் நீண்டு தொங்குது. இழுக்கும்போது பல்லத் தாண்டிக் குதிக்குது. அதான் அந்த அடி" என்றார். "இனி மலையில ஏத்தினா அறுந்து பெட்டியையும் உடைச்சுக்கிட்டு வெளிய வரும். இதோட வயசுக்கு இவ்வளவு தேயாது. உன் வீட்டுக்காரன் தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டு ஓட்டறானான்னு கேளு."

நான் திரும்பினேன். என் வீட்டுக்காரர் கேட்காமலே பதில் சொன்னார்.

"ஆமா. வீட்டுலேர்ந்தே போட்டுத்தான் போறேன்."

"எந்த மடையன் அப்படி ஓட்டச் சொன்னான்னு கேளு. தார்ல சக்கரம் வழுக்கிக் குடுக்காது, முறுக்கெல்லாம் செயின்லதான் ஏறும்."

"அவருதான் சொன்னாருன்னு சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர். "இந்த ஜீப்ப வாங்கின அன்னிக்கு. வீட்டுலயே ஃபோர் வீல் போட்டுடு, அப்புறம் அடிவாரம் வரைக்கும் லிவரத் தொடக் கூடாது, தொட்டா கைய ஒடிப்பேன்னாரு. நான் தொடல."

மூத்தார் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார்.

"அது மண் ரோடுடா" என்றார் மூத்தார்.

நான் வாயைத் திறந்தேன். அப்புறம்தான் புரிந்தது, அது என்னிடம் சொன்னது இல்லை.

"தார் போட்டாங்களே. மாத்திச் சொன்னியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"உனக்கு மண்டையில மூளை இல்லையா?"

"உன் வாயில நாக்கு இல்லையா? சுவத்துக்கு இந்தப் பக்கம்தான இருந்த? வாரா வாரம் லிவரப் போட்டுக்கிட்டுப் போறதப் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"உன் வண்டிய நான் எதுக்குப் பாக்கணும்?"

"ஜாக்கி ஒழுகினத மட்டும் பாத்தியே."

அண்ணனோடு பேச மாட்டேன் என்று இத்தனை வருஷம் முறுக்கிக்கொண்டிருந்த மனுஷன், அண்ணன் சொன்ன வார்த்தையை மட்டும் ஒரு நாள்கூட மீறவில்லை. இதைப் பாசம் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். நான் இரண்டு பேரையும் மடையன்கள் என்றுதான் நினைத்தேன். பள்ளத்தில் விழுந்திருந்தால் வெள்ளைப் புடவை கட்டுகிறவள் நான்.

"ரெண்டு பேரும் திட்டி முடிச்சாச்சுன்னா, என்ன வாங்கிட்டு வரணும்னு சொல்லுங்க" என்றேன். "பஸ்ஸு போயிடும்."

செயினும் அது ஓடுகிற இரண்டு பல்சக்கரமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் தேயும் என்றார். மறுநாள் டவுனுக்குப் போய் வாங்கி வந்தேன். அண்ணன் பெட்டியைப் பிரித்தார், தம்பி விளக்குப் பிடித்தார். "விளக்க நேராப் பிடி, என் மூக்கையா ரிப்பேர் பண்றேன்?" "மூக்கையும் பாரு, அதுவும் கோணலாத்தான் இருக்கு." சாயங்காலம் வரைக்கும் இதே பாட்டு.

மூன்றாம் நாள் மழை விடவில்லை. ஜீப் தார் ரோட்டில் இரண்டு சக்கரத்தில் போயிற்று. நான் துணி காய்கிறதா என்று பார்க்கிற சாக்கில் சுவரோரமே நின்றேன். மழையில் எந்தத் துணி காயும்? மூத்தாரும் எந்த வண்டிக்கு அடியிலும் படுக்காமல் வாசலிலேயே ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

பொழுது சாய்வதற்குள் ஜீப் வந்தது. நர்ஸம்மா சிரித்துக்கொண்டே இறங்கினார். மூத்தார் தம்பியைப் பார்க்கவில்லை, வண்டியின் அடியைக் குனிந்து பார்த்தார்.

"சத்தம்?"

"இல்ல."

"ம்."

அதோடு உள்ளே போய்விட்டார். போகிற போக்கில் தேய்ந்த பழைய செயினை எடுத்து, நடுச்சுவரில் எங்கள் பக்கம் பார்க்க ஆணி அடித்து மாட்டினார். தினமும் தம்பி கண்ணில் பட வேண்டுமாம். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அதற்குப் பக்கத்தில், அண்ணன் அன்று திருப்பி வாங்கிக்கொள்ளாத அந்த ஒழுகுகிற ஜாக்கியைக் கொண்டுபோய் வைத்தார்.

இப்போது இரண்டு பேரும் என் வழியாகத் திட்டிக்கொள்வதில்லை, நேராகவே திட்டிக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு வேலை மிச்சம். செயினை அன்று மாலையே கழற்றி எடுத்து வந்துவிட்டேன். நல்ல கனம். குப்பை டிரம்மின் மூடி மேல் வைத்தால் பூனையால் தள்ள முடியவில்லை.

"என் செயின் எங்க?" என்று மூத்தார் சுவருக்கு மேலே தலையை நீட்டி முறைத்தார்.

"வேலையா இருக்கு மாமா" என்றேன்.