பறக்கும் கம்பளப் பாட்டு

வேப்பந்தட்டை பஸ்ஸில் அந்தப் பழைய மாயாஜாலப் படப் பாட்டு ஒலித்ததும், பக்கத்திலிருந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தப் படம் பார்த்தபோது எனக்கு எட்டு வயது. பூலாம்பாடி டூரிங் கொட்டகையில், படத்தைச் சீக்கிரம் முடிக்க, கதாநாயகி கம்பளத்தில் பறந்து இந்தப் பாட்டைப் பாடும் ரீலை ஆபரேட்டர் போடாமல் விட்டுவிட்டார். அந்தப் பாட்டுக்காகவே ஐந்தாம் தடவை வந்திருந்த அம்மா, மணலிலிருந்து எழுந்துபோய் சோடா பாட்டிலால் அவர் மண்டையை உடைத்தாள்.

"பாட்டப் போடுறா!"

ரத்தம் வழிய வழியப் போட்டார். ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் அவளை அடித்தவர், அதன்பிறகு கை ஓங்கவேயில்லை.

கண்டக்டர் பாட்டை மாற்றப் போனார். அம்மாவின் கை எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலைப் பற்றியது.

"வேணாம்ண்ணே!" என்று கத்தினேன். "அது முழுசா ஓடட்டும்."