தொட்டிக்குள் விட்ட குறவை

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆனி மாதத்தில், ஆலங்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில் நடந்தது இது. என் மகளிடம்கூட இதுவரை முழுதாகச் சொன்னதில்லை.

நான் மேல்நிலைப் பள்ளியில் முப்பது ஆண்டுகள் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பெருமைக்காகச் சொல்லவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை, அதற்காகச் சொல்கிறேன்.

அதற்கு முந்தைய ஆண்டு என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் அவள் சொன்னபடி கேட்டது. நாள் முழுக்க மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாளே என்று, திருச்சியில் இருக்கும் மகள் ஒரு கண்ணாடித் தொட்டியும் எட்டு கப்பி மீன்களும் வாங்கிவந்து, கட்டிலுக்கு நேர் எதிரே மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

கப்பி இரண்டு விரற்கடை நீள மீன். முட்டையிடாது, குட்டி போடும். மாதம் ஒரு முறை இருபது, முப்பது என்று போடும். ஒரு தடவை ஆணோடு சேர்ந்த பெண் மீன், பிறகு ஆணே இல்லாவிட்டாலும் பல மாதங்களுக்குக் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். பெரிய மீன்கள் பிடித்துத் தின்றது போக, பாசிக்குள் ஒளிந்து பாதிக்கு மேல் பிழைத்துக்கொள்ளும்.

காலையில் தீவனம் போடும்போது, "இன்னைக்கு எத்தனை?" என்று அவளைக் கேட்பேன். புதுக் குஞ்சுகள் எத்தனை கண்ணில் பட்டன என்று இடது கை விரல்களை விரித்துக் காட்டுவாள். ஐந்துக்கு மேல் போனால் கையை மூடி மூடித் திறப்பாள். வாலில் கறுப்புப் புள்ளி உள்ள ஒரு பெண் மீன் அவளுக்குச் செல்லம். அது குட்டி போடும் நாள் நெருங்கினால் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டுவாள். விலங்கியல் படித்த எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். நோய் வந்த பிறகு அவள் முகத்தில் சிரிப்பு என்று ஒன்றை நான் பார்த்தது அப்போதுதான்.

பத்து மாதத்தில் மீன்கள் நூறைத் தாண்டிவிட்டன. தண்ணீர் கலங்கி வாடை அடிக்க ஆரம்பித்தது. வாரம் இரண்டு முறை வாளி வாளியாக மாற்ற வேண்டியிருந்தது. எனக்கு இடுப்பு வலி. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆண் மீன்களை மட்டும் வைத்துக்கொள்ளலாம், தீவனத்தைக் குறைக்கலாம், பாசியை எடுத்துவிடலாம், மிஞ்சியதைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். கேட்கவும் ஆள் இருந்தது. கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வரும் பெண் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சார், இது கொசுப் புழுவ நல்லாத் திங்குமே. மிச்சத்த எங்களுக்குக் குடுங்க, கெணத்துலயும் சிமெண்ட் தொட்டியிலயும் விட்டுக்கிடுறோம். வெள்ளிக்கெழம பாத்திரத்தோட வாரேன். என்னம்மா, குடுக்கலாமா?"

என் மனைவி சந்தோஷமாகத் தலையை ஆட்டினாள். கறுப்புப் புள்ளிக்காரியை மட்டும் விரலால் சுட்டி, கூடாது என்று கையை அசைத்தாள். அந்தப் பெண் சிரித்துவிட்டார். "அய்யோ, ஒங்க புள்ளைய நான் தூக்கிக்கிட்டுப் போகலம்மா!"

வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. ஆனால் நூறு மீன்களை வலை போட்டுப் பிரித்து எடுக்க வேண்டுமே என்று எனக்குச் சலிப்பு. அதைவிட, எனக்குள் இருந்த வாத்தியார் ஒரு கெட்டிக்கார யோசனை சொன்னான். வேட்டை மீன் ஒன்றை விட்டால் கூட்டம் தானாகக் குறையும் என்று எத்தனை வகுப்பில் கரும்பலகையில் படம் போட்டு நடத்தியிருக்கிறேன்.

கண்மாய்கள் வற்றி, விராலும் குறவையும் சந்தைக்கு வரும் காலம் அது. குறவையும் விராலைப் போல வேட்டை மீன்தான், அளவில் சின்னது. மீன் விற்கும் அம்மாவிடம் ஒன்றை உயிரோடு கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணா? கொழம்புல மீன் எங்கன்னு தேட வேண்டியிருக்கும் சார். பென்சன் நின்னு போச்சா?"

"கொழம்புக்கு இல்லம்மா, வளக்கறதுக்கு" என்றேன்.

"குறவையையா? நல்லா வளப்பீங்க!" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

ஒரு சாண் நீளம் இருக்கும். அதைக் கொல்லையில் ஒரு வாளியில் இரண்டு நாள் பட்டினி போட்டேன். பசித்தால்தான் வேட்டையாடும் என்பது என் பாடம். செவ்வாய்க்கிழமை புதுக்கோட்டை கருவூலத்தில் ஓய்வூதியர் நேர்காணலுக்குப் போக வேண்டியிருந்தது. காலையில் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே குறவையைத் தொட்டிக்குள் விட்டேன். துள்ளி வெளியே விழாமலிருக்க, கண்ணாடி மூடி மேல் என் கனமான அகராதியைத் தூக்கி வைத்தேன். மதியம் திரும்பியதும் எடுத்துவிடலாம், அதற்குள் குஞ்சுகள் குறைந்திருக்கும் என்று கணக்கு. அவளை எழுப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்துதான் சொல்லவில்லை.

கருவூலத்தில் வேலை பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது. வெளியே வந்தால் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் நின்றார். ஒன்றாகச் சாப்பிட்டோம். என் குறவை யோசனையை அவரிடம் ஒரு வேடிக்கைக் கதை போலச் சொன்னேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆலங்குடிப் பேருந்தைப் பிடித்து வீட்டுக்கு வரும்போது மணி நாலரை.

நான் வெளியே போகும் நாட்களில் அவளைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டுப் பெண். கணவர் துபாயில் இருக்க, தனியாக இருப்பவர். அவளைச் சொந்த அக்காவைப் போலக் கவனித்துக்கொள்வார். வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"அக்கா இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்காக சார். கஞ்சி குடிக்க மாட்டேன்னுட்டாக. காலையில இருந்து தொட்டிப் பக்கமே கையக் கைய நீட்டுனாக. மீனு தெரியலபோலன்னு தலகாணிய ஒசத்தி வச்சு, கட்டிலயும் கிட்ட இழுத்துப் போட்டேன். அப்பறமும் அழுகை. என்ன கேக்குறாகன்னே வெளங்கல."

"தொட்டியப் பாக்கலையா நீங்க?" என்றேன்.

"பாத்தேனே. புதுசா பெரிய மீனு ஒண்ணு வாங்கி விட்டிருக்கீக. நல்லாருக்கேன்னு அக்காகிட்டகூடச் சொன்னேன்."

அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

உள்ளே போனேன். கட்டில் தொட்டிக்கு இரண்டடி தூரத்தில் கிடந்தது. குஞ்சுகளைத் தின்னும் என்று நான் நினைத்த குறவை, குஞ்சுகளைச் சட்டை செய்யவே இல்லை. வயிறு பெருத்து மெதுவாக நீந்தும் பெண் மீன்களைத்தான் ஒவ்வொன்றாகப் பிடித்திருந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை, கறுப்புப் புள்ளிக்காரியும் இல்லை. மற்றவை ஒரு மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நின்றன. குறவை கூழாங்கற்கள் மேல் அசையாமல் படுத்திருந்தது.

காலை எட்டு மணியிலிருந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். கூப்பிட வாய் இல்லை. திரும்பிப் படுக்க உடம்பு இல்லை. நீட்டிய ஒரு கையும் வேறு அர்த்தமாகிவிட்டது.

பழக்கத்தில் வாய் தானாகக் கேட்டது.

"எத்தனை?"

அவள் இடது கையைத் தூக்கி, விரல்களை மடக்கி மூடிக்கொண்டாள். திறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை, சொன்னபடி அந்தக் கொசு ஒழிப்புப் பெண் எவர்சில்வர் பாத்திரத்தோடு வந்தார். மீன் இல்லை என்று வாசலிலேயே அனுப்பிவிட்டேன். ஏன் என்று கேட்டதற்கு, நோய் வந்து செத்துவிட்டன என்று பொய் சொன்னேன். உள்ளே கட்டிலில் கிடந்தவளுக்கு அது கேட்டிருக்கும்.

குறவையை அன்று மாலையே எடுத்துவிட்டேன். இருந்தும் அடுத்த சில நாட்களில் கடிபட்டவையும் மிரண்டவையுமாகப் பல மீன்கள் மிதந்தன, குஞ்சுகள் ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசியில் தேறியவை பதினொன்று. எல்லாமே ஆண். அதன் பிறகு அந்தத் தொட்டியில் ஒரு குஞ்சுகூடப் பிறக்கவில்லை. நான் தீர்க்க நினைத்த பிரச்சினை தீர்ந்துவிட்டது.

அவள் அதன் பிறகு எட்டு மாதம் இருந்தாள். நான் தினமும் தீவனம் போட்டேன், அவள் அந்தப் பக்கம் கண்ணைத் திறக்கவே இல்லை. ஒரு நாள் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, செய்தது தப்பு என்று சொன்னேன். கண்ணை மூடியே இருந்தாள். கேட்டாளா, தூங்கிவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது முறை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

தொட்டி இப்போது காலியாக மேசை மேல் இருக்கிறது. மகள் வரும்போதெல்லாம் மறுபடி மீன் வாங்கித் தரட்டுமா என்று கேட்கிறாள், வேண்டாம் என்கிறேன். மீன் பெருகினால் என்ன செய்வது என்பதற்கு எனக்கு நாலு வழி தெரிந்திருந்தது. அந்த மீன்களையே உலகமாகப் பார்த்துக்கொண்டு கிடந்தவளிடம் அன்று காலை ஒரு வார்த்தை கேட்க மட்டும் மனம் வரவில்லை. அந்த மூடிய கையை நினைக்காமல் எனக்கு இன்றுவரை ஒரு காலையும் விடிவதில்லை.