ரிலீவர் இல்லாத ஷிப்ட்

போன வருஷம் சர்ச் ஆண்டு விழாவில் ரகுவுக்குப் பொன்னாடை போர்த்தி, தியாகி என்று மைக்கில் புகழ்ந்தார்கள். தியாகியாம்! படுத்த படுக்கையாகக் கிடக்கும் அவன் பொண்டாட்டியைப் புரட்டிப் போட ஒருநாள், ஒரே ஒருநாள் நான் வருகிறேன் என்று அந்தக் கூட்டத்தில் ஒரு வாய் திறந்ததா? கைதட்டிவிட்டுப் பிரியாணிக்குப் போய்விட்டார்கள்.

ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் பதினோரு வருஷம் லைனில் நின்றவன் ரகு. ஆறு வருஷத்துக்கு முன்பு ஷேர் ஆட்டோ கவிழ்ந்து, ஞானம்மாவுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாமல் போனது. அன்றோடு வேலையை விட்டான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மூத்திரப்பை மாற்றுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது எல்லாம் அவன்தான். ஊரோ, "வூட்ல சும்மாதான கீறான்" என்றது. லைனில் ஒண்ணுக்குப் போகக் கையைத் தூக்கினால் ரிலீவர் வந்து நிற்பான். வீட்டில் யாரைப் பார்த்துக் கையைத் தூக்குவது?

தூக்கித் தூக்கி அவனுக்குக் குடல் இறங்கிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். அவனுக்கோ ஞானம்மாவின் முதுகைப் பற்றித்தான் பயம். முன்பு காய்ச்சலில் அவன் புரட்டாமல் அசந்து தூங்கியபோது அவளுக்கு வந்த படுக்கைப் புண் ஆற நாலு மாதம் ஆயிற்று.

மாடியில் வாடகைக்கு இருந்த தென்காசிப் பெண் பிரவீனா, கூட இருக்கும் மூன்று பேரோடு முன்வந்தாள். நால்வரும் ஒரே கம்பெனி, காலை ஷிப்ட். மதியத்துக்கு மேல் அவர்கள். காலையில் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள். அவளுக்குக் கேன்டீன் வேலை மதியம்தான். ரகு மூன்று மாதத்துக்கும் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினான். ஆபரேஷன் முடிந்து சனிக்கிழமை அவன் திரும்பியபோது ஞானம்மாவின் முதுகில் ஒரு சிவப்புகூட இல்லை. நிம்மதியில் அழுதேவிட்டான் மனுஷன்.

ஞாயிறு சாயங்காலம் பிரவீனா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "அண்ணே, நாளையிலருந்து எங்களுக்கு மதிய ஷிப்டு. ராத்திரி பத்தரைக்குத்தான் வருவோம். லீவு கேட்டேன், சூப்பர்வைசர் தரமாட்டேன்னுட்டாரு. எங்களுக்காவது முன்னாடியே தோணிருக்கணும்."

பாப்பம்மாளும் கேன்டீனில் கெஞ்சிப் பார்த்தாள், நடக்கவில்லை. பதினோரு வருஷம் கம்பெனியில் இருந்தவனுக்குத் திங்கட்கிழமை ஷிப்ட் மாறும் என்பது மறந்துபோயிருந்தது. மறக்காமல் என்ன செய்யும்? ஆறு வருஷமாக அவன் ஷிப்ட் மாறவே இல்லையே!

திங்கட்கிழமை மணி மூன்று. தெருவில் எல்லா வீட்டிலும் பூட்டு.

"தொடாதய்யா, தையல் பிச்சிக்கும். புண்ணு வந்தா வரட்டும். எனக்கு இன்னா, வலிக்கவா போவுது?" என்று ஞானம்மா அழுதாள்.

"கம்முனு கெட."

பொன்னாடையை மடித்து வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டான். அடியில் கை கொடுத்து அவளைச் சுவர்ப் பக்கமாகப் புரட்டினான். உள்ளே ஏதோ பிய்ந்தது.

"இன்னாய்யா ஆச்சி?"

"ஒண்ணுமில்ல."

கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தான். பொன்னாடையில் ஈரம் ஊறியது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அவளுக்கு அது தெரியவில்லை. ஐந்துக்கு, ஏழுக்கு, ஒன்பதுக்கு என்று இன்னும் மூன்று தடவை இருந்தது.